மூடுவதன் சரித்திரம்

சென்ற வருஷம் முத்தியால்பேட்டையில் காலமான நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரை ‘ஒழுங்காக மூடிக் கொடுக்க’ வேண்டும் என்று அவர் மனைவி சொல்லியனுப்பியிருந்தார். நான் பாங்க் குமாஸ்தா. இறந்தவர்களின் கணக்கை முடித்து மீதியை வாரிசுகளிடம் ஒப்படைப்பது என் கௌண்டரில் நடக்கும் வேலைகளில் ஒன்று. இதுவும் அந்த வகையைச் சேர்ந்தது என்று அவர் நினைத்திருக்கலாம். நண்பர் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது பிரதிகள் விற்றால் அதிகம் என்கிற பத்திரிகைகளில் முப்பது வருஷம் மொழிபெயர்ப்புகள் செய்தவர். பெயர் போட வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

“பேரன் கேக்கறான் தம்பி, எடுத்துக்கிட்டுப் போவட்டும். அவர் விட்டதெல்லாம் மூடிட்டுக் குடுத்துடு,” என்றார்.

“சரி அண்ணி,” என்று உட்கார்ந்தேன்.

பயர்பாக்ஸ் என்கிற பிரௌஸரைத்தான் அவர் உபயோகித்து வந்தார். திறந்ததும் போன தடவை விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்படி வைத்திருந்தார். மேலே பட்டையில் டேப்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நான் ஒரு நிமிஷ வேலை என்று நினைத்து, ஜன்னலின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினேன். 83 இருக்கின்றன, எல்லாவற்றையும் மூடவா என்று அது கேட்டது. கையை எடுத்துவிட்டேன்.

அவர் பிரௌஸரைத் தமிழில் வைத்திருந்தார். ஆகவே அது டேப் என்று சொல்லவில்லை, கீற்று என்றது. எங்கள் பாங்கில் எல்லோரும் டேப் என்றுதான் சொல்வோம். தமிழாக்கக்காரர்கள் இதற்கு இரண்டு சொற்களைப் புழக்கத்தில் விட்டிருக்கிறார்கள்: தாவல், கீற்று. தாவல் என்பது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற மனசைச் சொல்கிறது; கீற்று, பொருளைச் சொல்கிறது. இங்கிலீஷ் மூலச் சொல்லோ கார்டுப் பெட்டிகளிலும் லெட்ஜர்களிலும் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அட்டைக் காதைக் குறித்தது. எங்கள் ரிக்கார்டு ரூமில் இன்னும் அப்படிப்பட்ட லெட்ஜர்கள் கிடக்கின்றன. ‘அ’ காது, ‘ஆ’ காது என்று வரிசையாக. பொறுக்கிப் பிடித்து இழுத்தால் பக்கம் வரும். கம்ப்யூட்டர்க்காரர்கள் எடுத்துக்கொண்டது அந்தக் காதை. இந்தக் கட்டுரையில் நான் டேப் என்றே எழுதுகிறேன். அவருடைய 83-ஐப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவருடைய சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

மூடவா என்று ஓர் இயந்திரம் மனிதனைக் கேட்கிற இந்த வழக்கம் எப்போது வந்தது, அது இன்னும் இருக்கிறதா என்று அன்றிரவு தேட ஆரம்பித்தேன். (தேடியதில் என்னிடமே நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது.) இதெல்லாம் இந்தப் பத்திரிகைக்கு ஒரு விஷயமா என்று சில நண்பர்கள் முகத்தைச் சுளிக்கலாம். வாசிப்பு, வாசகன், பிரதி என்று ஓயாமல் பேசுகிற நாம், எதைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கிறோம் என்று பேசுவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறோம். நம்மில் பெரும்பாலோர் இன்று வாசிப்பது இந்தப் பட்டையின் கீழேதான்.

செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1955-இல் ழான் ஃபிலியோஸா நிறுவியது. அங்கும் கீழ்த்திசை ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலுமாக உள்ள சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுமார் 11,000 சுவடிகள். நண்பர்தான் முதலில் என்னை அங்கே அழைத்துப் போனார். ஓலைச்சுவடியில் ‘திறந்து வைத்தல்’ என்ற நிலை ஏறக்குறைய இல்லை என்பதை அங்கேதான் பார்த்தேன். ஓட்டை வழியாகக் கயிறு ஓடுகிறது. ஓர் ஏட்டைத் தள்ளினால்தான் அடுத்த ஏடு. படித்து முடித்ததும் அடுக்கி, சட்டம் வைத்து, கயிற்றைச் சுற்றிக் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஏடு குலைந்துவிடும், முனை முறியும், வரிசை போய்விடும். கயிற்றின் ஒரு நுனியில் ஓலையை ஈர்க்கோடு கத்தரித்து முடிந்திருப்பார்கள். கயிறு உருவிக்கொண்டு வராதிருக்க. அதற்குக் கிளிமூக்கு என்று பெயர். மூடுவதற்கென்று ஓர் உறுப்பு, அதற்கென்று ஒரு பெயர். மூடுதல் வாசிப்பின் கடைசி வேலையாக, கை பழகிய வேலையாக இருந்தது.

ஒரே சமயத்தில் பலவற்றைத் திறந்து வைக்க வேண்டியிருந்தவர்கள் பதிப்பாசிரியர்கள் மட்டுமே. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையருக்குப் பல பிரதிகளை ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒருவர் ஒரு பிரதியைப் படிக்க, மற்றவர்கள் தங்கள் கையிலுள்ளதோடு ஒப்பிட்டுச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். ஒரு சுவடிக்கு ஒரு மனிதன் என்று கணக்கு. ஐரோப்பாவில் இதற்கு ஆளைக் குறைத்து யந்திரம் செய்ய நினைத்தார்கள். பிரெஞ்சு அரசனிடம் வேலை பார்த்த அகோஸ்தினோ ராமெல்லி என்ற இத்தாலிய எஞ்சினீயர் 1588-இல் பாரிஸில் வெளியிட்ட யந்திரப் புத்தகத்தில் ஒரு புத்தகச் சக்கரத்தின் படம் உண்டு. ராட்டினம் போல நிற்கும் பெரிய சக்கரம். சாய்மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகம் விரித்தபடி. உட்கார்ந்தவன் சக்கரத்தைத் திருப்பினால் வேண்டிய புத்தகம் எதிரே வந்து நிற்கும். கீல்வாதத்தால் எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு மிகவும் உபயோகமானது என்று சிபாரிசு வேறு. இன்றைக்கு நாம் மேலே வைத்திருக்கும் பட்டைக்கு நேர் மூதாதை இதுதான் என்பேன். வித்தியாசம் ஒன்று: சக்கரத்தில் எத்தனை மேஜையோ அத்தனைதான் புத்தகம். இன்னொன்று வேண்டுமென்றால் ஒன்றை எடுத்து மூட வேண்டும்.

பிரௌஸர்கள் வந்தபோது ஒரு ஜன்னலுக்கு ஒரு பக்கம் என்றுதான் இருந்தது. 1993-இல் மொஸாய்க், 1994-இல் நெட்ஸ்கேப். இரண்டு பக்கம் வேண்டுமென்றால் இரண்டு ஜன்னல். அதே 1994-இல் புக்லிங்க் என்ற சிறு கம்பெனியின் இன்டர்நெட்வொர்க்ஸ், ஒரே ஜன்னலுக்குள் பல பக்கங்களைக் காதுகளோடு அடுக்கிக் காட்டியது. கம்பெனியை அந்த வருஷமே ஏ.ஓ.எல். வாங்கிவிட்டது. யோசனை அமுங்கிப் போயிற்று. பிறகு நார்வேக்காரர்களின் ஓப்பரா, ஆடம் ஸ்டைல்ஸ் என்ற தனி மனிதர் எழுதிய நெட்கேப்டர் என்று ஓரங்களிலேயே உயிரோடிருந்தது. 2001-இல் மொஸில்லாவுக்காக டேவ் ஹையாட் டேப்களை எழுதினார். 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 வந்தபோதுதான் பரவலான ஜனங்களுக்கு இது தெரிந்தது. உலகத்தில் பெரும்பாலோர் கையில் இருந்த மைக்ரோஸாஃப்டின் பிரௌஸரில் 2006 அக்டோபர் வரை டேப் கிடையாது. ஓரத்தில் சிலர் செய்து பார்த்ததை மையத்திலிருப்பவன் பத்து வருஷம் கழித்து எடுத்துக்கொள்வது நமக்குப் பழக்கமான கதைதான்.

திறப்பதில் தகராறே வந்ததில்லை. எல்லாச் சண்டையும் மூடுவதில்தான்.

பயர்பாக்ஸ் 1.0-இல் மூடும் பெருக்கல் குறி ஒன்றே ஒன்று. பட்டையின் வலது கோடியில் இருக்கும். அது எதை மூடும்? நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தை மட்டும். வேறொன்றை மூட வேண்டுமென்றால் முதலில் அதன் காதைத் தொட்டு, பக்கத்தை முன்னால் வரவழைத்து, அதன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூட முடியும். (மௌஸின் நடுப் பொத்தானை உபயோகிக்கத் தெரிந்தவர்கள் விதிவிலக்கு.) 2006 அக்டோபரில் பதிப்பு 2 வந்தது. ஒவ்வொரு டேபின் மேலும் ஒரு குறி வைத்துவிட்டார்கள். சௌகரியம் என்ற வகையில் இது சரி. கோடியிலிருக்கும் குறி எதனுடையது என்று புதியவர்களுக்குப் புரிவதில்லை. டேபின் மேலேயே இருந்தால் சந்தேகமில்லை. ஆனால் அன்றிலிருந்து பக்கத்தைப் பார்க்காமலே மூடலாம் என்றாயிற்று. நான் இதை ஒரு சின்ன மாற்றமாக நினைக்கவில்லை. கடைசியாக ஒரு பார்வை என்பது இருந்தது, அது போயிற்று.

பழைய பழக்கம் போனதில் வருத்தப்பட்டவர்களுக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பயர்பாக்ஸுக்குள் அந்தரங்க அறை மாதிரி ஓர் அமைப்புப் பக்கம் உண்டு. நுழையும்போதே, உள்ளே கை வைத்தால் உத்தரவாதம் போய்விடலாம் என்று அப்போது பாதி வேடிக்கையாக எச்சரித்தார்கள். அங்கே மூடும் குறிக்கென்று ஒரு வரி இருந்தது. அதில் 0 என்று போட்டால் பார்த்துக்கொண்டிருக்கும் டேபில் மட்டும் குறி. 1 என்றால் எல்லாவற்றிலும். 2 என்றால் எதிலுமே இல்லை. 3 என்றால் பழையபடி கோடியில் ஒன்று. நாலு எண்கள். நாலு விதமான மனிதர்கள் என்றும் சொல்லலாம். 2 போட்டவர்களை நான் வெகுநேரம் யோசித்துப் பார்த்தேன். குறியே வேண்டாம், விரல் தவறி மூடிவிடக் கூடாது என்று நினைத்தவர்கள். பின்னாளில் இந்த வரியையே எடுத்துவிட்டார்கள். மிகச் சிலரே உபயோகிக்கிற விருப்பங்களை எவ்வளவு காலம் சுமப்பது என்பது அவர்கள் வாதம். எண்ணிக்கையை வைத்து வாதாடுகிறவர்களிடம் சிறுபத்திரிகைக்காரன் என்ன பதில் சொல்ல முடியும்?

இன்னொரு சண்டை, மூடியபின் எங்கே போவது என்பது. ஒரு டேபை மூடினால் அடுத்து எது முன்னால் வர வேண்டும்? வலது பக்கத்துக்காரனா, மூடப்பட்டதைத் திறந்துவிட்ட தாய்ப் பக்கமா, இதற்கு முன் கடைசியாகப் பார்த்ததா? ஓப்பரா மூன்றாவதைச் செய்தது. பயர்பாக்ஸ் தாயிடம் திரும்பும். ஆனால் இடையில் வேறு டேபுக்குப் போய் வந்திருந்தால் அந்த உறவு அறுந்துவிடும். பிறகு அண்டை வீட்டுக்காரன்தான். படித்தபோது எனக்கு என் கௌண்டர்தான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அடுத்தது யார் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் உண்டு — ரெனோன்சான்கள் என்பார்கள். அவர்களின் வாரிசுரிமை பக்கத்து வீட்டுக்காரரின் வாரிசுரிமையிலிருந்து வேறு. ஒரே தெருவில் இரண்டு சட்டம். பிரதேசம் 1962-இல் சட்டப்படி இந்தியாவுக்கு வந்த பிறகும் இது நீடிக்கிறது. இறப்புச் சான்றிதழோடு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நீங்கள் எந்தச் சட்டம் என்பது. பிரௌஸர் செய்கிறவர்கள் இதைவிடச் சிக்கலான எதையும் செய்துவிடவில்லை.

2008 செப்டம்பர் 2-ஆம் தேதி கூகிளின் குரோம் வந்தது. அதன் தயாரிப்புப் பொறுப்பை முன்னின்று பார்த்தவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை என்பதால் நம் பத்திரிகைகள் பிற்பாடு அவரைப் பற்றி எழுதாத புகழ்ச்சியில்லை. அவர் படித்த பள்ளி, சாப்பிட்ட சாம்பார் எல்லாம் வந்தன. குரோம் வாசிப்பில் என்ன செய்தது என்று ஒருவரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை. டேப்களைத் தலைக்கு மேலே, ஜன்னலின் உச்சிக்கே கொண்டுபோனார்கள். இனி ஜன்னலுக்குள் டேப் இல்லை, டேபுக்குள்தான் மற்றதெல்லாம். ஒவ்வொரு டேபும் தனித் தனியாக ஓடும். ஒன்று செத்தால் மற்றது சாகாது. இதை விளக்க ஸ்காட் மெக்ளௌட் என்பவரைக் கொண்டு ஒரு சித்திரக்கதையே போட்டார்கள்.

மூடுவதில் அவர்கள் செய்தது ரொம்ப நுணுக்கம். டேப்கள் நிறைய இருந்தால் ஒவ்வொன்றும் குறுகியிருக்கும். ஒன்றை மூடினால் மற்றவை கொஞ்சம் அகலமாக வேண்டும். மூடும் குறி நகர்ந்துவிடும். அடுத்ததை மூடக் கையை நகர்த்த வேண்டும். குரோம் அப்படிச் செய்வதில்லை. மௌஸ் பட்டையை விட்டு விலகுகிற வரைக்கும் அகலத்தை மாற்றாமல் காத்திருக்கும். அடுத்த டேபின் குறி சரியாக விரலுக்கடியில் வந்து நிற்கும். கையை அசைக்காமல் தொடர்ந்து அழுத்திக்கொண்டே போகலாம். கேஷியர் கட்டை எண்ணுவது போல — கட்டை விரல் ஒரே இடத்தில் இருக்கும், நோட்டுகள் வந்து போகும், எந்த நோட்டின் முகமும் மனதில் தங்காது. அழகான வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதைச் செய்தவர்கள் மனிதக் கையை நன்றாகக் கவனித்தவர்கள். ஆனால் 2004-இல் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிய வாசகன் நாலு வருஷத்தில் பார்க்காமல், நகராமல், எண்ணிக்கொண்டே மூடுகிறவன் ஆகிவிட்டான்.

மறுபக்கமும் உண்டு. மூடியது மூடியதாக இருப்பதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், டி — மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக மூடியது எழுந்து வரும். மறுபடி அழுத்தினால் அதற்கு முந்தியது. திரும்ப வரும் என்று தெரிந்தால் மூடுவதற்குக் கனம் ஏது? பயர்பாக்ஸ் 2021 நவம்பரில் தன் பழைய கேள்வியைக் கைவிட்டதும் இந்தக் காரணத்தால்தான்: எப்படியும் மீட்டுக்கொள்ளலாம், எதற்காகக் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டும்? வேண்டுமென்கிறவர்கள் அமைப்பில் போய்த் திரும்ப வைத்துக்கொள்ளலாம். நண்பர் வைத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் அன்று என்னை அது கேட்டது.

டேப்களை ஒழுங்குபடுத்தக் குழுக்களாகப் பிரித்து வைக்கும் யோசனையை ஆஸா ராஸ்கின் 2010-இல் பயர்பாக்ஸுக்காகச் செய்தார். 2011-இல் வந்தது, ஆளில்லை என்று 2016-இல் எடுத்தார்கள், 2025-இல் வேறு ரூபத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதே ராஸ்கின்தான், கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்கத்தையும் 2006-இல் வடிவமைத்து, பிறகு அதற்காக வருத்தம் தெரிவித்தவர். முடிவில்லாததையும் அடுக்கி வைப்பதையும் ஒரே மூளை யோசித்தது.

2021-இல் கார்னகி மெலன் சர்வகலாசாலைக்காரர்கள் டேப்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஜோசப் சாங், அனிகேத் கிட்டூர் முதலானோர். ஜனங்கள் மூடப் பயப்படுவது ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். மூடிவிட்டால் கருந்துளையில் விழுந்த மாதிரி, மறுபடி தேடிப் போக மாட்டோம் என்று தங்களுக்கே தெரிந்திருக்கிறது என்பது பதில். கேட்கப்பட்டவர்களில் சுமார் கால்வாசிப் பேர், டேப் சேர்ந்து சேர்ந்து பிரௌஸரோ கம்ப்யூட்டரோ நின்றே போனதுண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு அனாமத்து என்று பெயர். எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையை அன்றைய கணக்கு நேராக வேண்டுமே என்பதற்காக அனாமத்தில் போடுவார்கள். தற்காலிகமாகத்தான். ஆனால் ஒவ்வொரு அனாமத்துக்கும் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். இன்ஸ்பெக்ஷனில் முதலில் அதைத்தான் பிரிப்பார்கள். இது என்ன, எப்போது வந்தது, ஏன் இன்னும் இங்கே கிடக்கிறது? என் டேப்களை அப்படிக் கேட்க ஒருவரும் வந்ததில்லை.

இப்போது இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. 2015 முதல் குரோம், ஞாபக சக்தி குறையும்போது ரொம்ப நாள் தொடாத டேபின் பக்கத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. பட்டையில் பெயர் மட்டும் நிற்கும். தொட்டால் மறுபடி கொண்டுவரும் — அந்தப் பக்கம் உலகில் இன்னும் இருந்தால். 2022 டிசம்பரில் இதைப் பெரிதாக்கி, நினைவுச் சேமிப்பு என்று பெயர் வைத்தார்கள். ஆப்பிள் போனில் 2019 முதல் ஒரு விருப்பம் உண்டு: டேப்களை நீயே மூடுகிறாயா, அல்லது ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து நாங்கள் மூடட்டுமா? ஆண்ட்ராய்டு குரோமில் நூறைத் தாண்டினால் எண்ணுவதை நிறுத்திவிட்டு, எண் இருந்த இடத்தில் இரண்டு புள்ளியும் ஒரு வாயுமாகச் சிரிக்கும். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்கவில்லை. 2024-இல் 21 நாள் தொடப்படாதவற்றைத் தனியாக ஒதுக்கி வைக்கவும் ஆரம்பித்தது.

பாங்கில் இரண்டு வருஷம் வாடிக்கையாளர் தாமாக ஒரு வரவு செலவும் செய்யாவிட்டால் அது செயலற்ற கணக்கு. பத்து வருஷமானால் தொகை ரிஸர்வ் பாங்க் 2014-இல் ஏற்படுத்திய வைப்பாளர் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் பணம் அவருடையதுதான். அவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். யாரும் வருவதில்லை என்பது வேறு விஷயம். முப்பது வருஷத்துக்கு முன் இறந்துபோன ஒரு பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரரின் கணக்கைத் தேடிக்கொண்டு போன மாசம் ஒரு பெண் வந்தாள். கையெழுத்துக் கார்டு கிடைத்தது. இயந்திரத்தின் 21 நாளுக்கும் எங்கள் பத்து வருஷத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று தவறிப்போயிருக்கிறது. எதுவும் மூடப்படுவதுமில்லை, எதுவும் திறந்திருப்பதுமில்லை என்ற ஒரு ஸ்திதிக்கு வந்திருக்கிறோம். பெயர் மட்டும் நிற்கிறது.

நம்மவர்கள் செய்த பிரௌஸரும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ 2023-இல் வெளியிட்டது, பெயர் உலா. இந்திய அரசு நடத்திய பிரௌஸர் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. உள்ளே எஞ்சின் குரோமுடையதுதான். வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று தனித் தனி நிலைகள் வைத்து, அவற்றின் டேப்கள் கலக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். இது நல்ல யோசனை. பெயர் வைத்தவர் ஒட்டக்கூத்தரின் மூவருலாவை நினைத்தாரா என்று தெரியாது. உலாப் பிரபந்தத்தில் பாட்டுடைத் தலைவன் வீதியில் போய்க்கொண்டேயிருப்பான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்தாரும் நின்று பார்த்து ஏங்குவார்கள். யாருக்காகவும் அவன் நிற்பதில்லை. பக்கம் பக்கமாகப் போகிற வாசகனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை.

மறுபடி முத்தியால்பேட்டைக்குப் போனபோது ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துப் போனேன். அண்ணி காபி வைத்துவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இடது கோடியிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு கீற்றாகத் தொட்டு, பக்கம் வருகிற வரை காத்திருந்து, தலைப்பை எழுதிக்கொண்டு, மூடினேன். பழைய பக்கங்களை அது தொட்டால்தான் கொண்டுவருகிறது. சில வரவேயில்லை; இடம் காலி என்று அறிவித்தன. வராதவற்றைக் கோடு போட்டுக் குறித்தேன்.

கண்ணில் விடும் சொட்டு மருந்தின் விலை. ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, மூன்று பாகங்கள் தனித் தனியாக. ஒரு நாதஸ்வரக் கச்சேரி, பாதியில் நிறுத்தியது. பேரனுக்காகப் பார்த்த சைக்கிள். இந்த மாதிரிப் பத்திரிகை ஒன்றின் பழைய இதழ்கள். அதில் நான் எழுதிய மதிப்புரையும் இருந்தது. அவர் கவிதை மொழிபெயர்ப்பைக் குறை சொல்லி எழுதியது. அதை அண்ணியிடம் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு மூடினேன்.

நாற்பத்தைந்தாவது வாக்கில் ஒரே சொல் தொடர்ந்து வர ஆரம்பித்தது. புதுக் கீற்று தாய்க்குப் பக்கத்திலேயே திறக்கும் என்பதால் அவர் எந்த வரிசையில் தேடினார் என்பது அப்படியே கிடந்தது. ஆம்ப்ரன் என்கிற பிரெஞ்சுச் சொல். அலை உடைந்து காற்றில் சிதறி முகத்தில் வந்து படுகிறதே, அந்தக் கடல்நீர்த் தூள். பிரெஞ்சு அகராதிகள் இரண்டு, பிரெஞ்சு–இங்கிலீஷ் ஒன்று, எங்கள் ஊர் மிஷன் அச்சகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான தமிழ்–பிரெஞ்சு அகராதியின் பக்கங்கள், பிறகு தமிழ் லெக்ஸிகனில் சாரல், திவலை, துவலை, தூவானம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கீற்று. மொத்தம் பதினொன்று. ஒரு வரிக்காக. மழையைச் சொல்லும் சொற்களே எல்லாம், கடலைச் சொல்வது ஒன்றுமில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பதினொன்றுக்குப் பின் தேடல் நின்றுவிடுகிறது. அடுத்த கீற்று பஸ் நேரம்.

“ஏதோ ஒரு வார்த்தைக்குன்னு வைத்திக்குப்பம் போய் வந்தார் தம்பி. காலையில கட்டுமரம் வர்ற நேரம்னு அஞ்சு மணிக்கே கெளம்பிட்டார்,” என்றார் அண்ணி.

“கெடச்சுதாமா?”

“கெடச்சுதுன்னுதான் சிரிச்சுக்கிட்டு வந்தார். என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கல.”

அவர் மேஜை அறைகளில் தேடினேன். அந்தக் கவிதையின் தமிழ்ப் பிரதி இருந்தது. அந்த இடத்தில் பென்ஸிலால் ஒரு சுழி மட்டும் போட்டிருந்தார்.

திரும்பி வந்து மீதியை மூடினேன். கடைசிக் கீற்றை மூடினால் ஜன்னலே மூடிக்கொள்ளும் என்று வைத்திருந்தார். பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். அது மின்துறையின் பில் கட்டும் பக்கம். தொட்டதும் நுகர்வோர் எண்ணைப் புதிதாகக் கேட்டது. அந்த மாசத்துப் பில் கட்டியாயிற்றா என்று கேட்டேன்.

“பையன் கட்டிட்டான்,” என்றார்.

83 என்று எழுதி, பக்கத்தில் நுகர்வோர் எண் என்று குறித்துக்கொண்டு மூடினேன்.